சூரிய மையத்தில் புரோட்டான்–புரோட்டான் வினை வீதம்: என் கணக்கு எங்கே தவறுகிறது?

விண்மீன்மாணவி

அனைவருக்கும் வணக்கம். முதுகலை இயற்பியல் இரண்டாம் ஆண்டுத் திட்டப்பணிக்காக, சூரியனின் மையத்தில் இரண்டு புரோட்டான்கள் இணைந்து டியூட்ரான் (ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் சேர்ந்த அணுக்கரு) ஆகும் வினையின் வீதத்தைக் கணக்கிடும் சிறிய பைத்தான் நிரல் ஒன்றை எழுதி வருகிறேன். மைய வெப்பநிலையை 1.57 கோடி கெல்வின் என்றும், அடர்த்தியைக் கன சென்டிமீட்டருக்கு 150 கிராம் என்றும், அதில் ஹைட்ரஜனின் நிறைப்பங்கை 0.34 என்றும் எடுத்துக்கொண்டேன். இந்த வெப்பநிலையில் மோதிக்கொள்ளும் இரு துகள்களின் சராசரி சார்பு இயக்க ஆற்றல் சுமார் 2 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (இனி கி.எ.வோ.). அந்த ஆற்றலுக்குரிய வினைக் குறுக்குவெட்டை (மோதும்போது வினை நிகழும் வாய்ப்பைப் பரப்பளவாகச் சொல்லும் எண்) கண்டு, அதே ஆற்றலுக்குரிய வேகத்தால் பெருக்கி, புரோட்டான்களின் எண்ணடர்த்தியையும் சேர்த்துப் பார்த்தேன். ஒரு புரோட்டான் இணைவதற்கு முன் சராசரியாக 35,000 கோடி ஆண்டுகள் காத்திருக்கும் என்று விடை வருகிறது. சூரியனின் மொத்த ஆயுளே 1,000 கோடி ஆண்டுகள் என்றுதான் எல்லாப் பாடநூல்களும் சொல்கின்றன.

அலகு மாற்றங்களை மூன்று முறை சரிபார்த்துவிட்டேன்; அவற்றில் பிழை இல்லை. குறுக்குவெட்டில் அணுக்கருவுக்கே உரிய பகுதியான எஸ்-காரணியின் மதிப்பும் (4.01 × 10⁻²² கி.எ.வோ.–பார்ன்; பார்ன் என்பது குறுக்குவெட்டின் பரப்பலகு) சரியானதே. எங்கே தவறுகிறேன் என்று யாராவது சுட்டிக்காட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பழைய தொலைநோக்கி

உங்கள் அலகுகளில் பிழை இல்லை என்றே நானும் நம்புகிறேன். பிழை "சராசரி ஆற்றல்" என்ற சொல்லில் இருக்கிறது. சராசரி ஆற்றலில் உள்ள குறுக்குவெட்டும், குறுக்குவெட்டின் சராசரியும் ஒன்றல்ல. குறுக்குவெட்டு ஆற்றலோடு மெல்ல மாறும் ஒன்றாக இருந்தால் இந்த வேறுபாடு பொருட்டாகாது; இங்கே அது ஆற்றலோடு பல பத்து மடங்குகளாகத் தாவுகிறது.

சற்றுப் பின்னே சென்று பார்ப்போம். இரண்டு புரோட்டான்கள் அணுக்கரு விசையின் எல்லைக்குள் வர வேண்டுமானால், மின்விலக்கத்தால் எழும் சில நூறு கி.எ.வோ. உயரமுள்ள கூலும் தடுப்பைத் தாண்ட வேண்டும். சூரிய மையத்தின் வெப்ப ஆற்றல், அதாவது போல்ட்ஸ்மன் மாறிலியை வெப்பநிலையால் பெருக்கிய தொகை, வெறும் 1.35 கி.எ.வோ. தடுப்பை 500 என்றே வைத்துக்கொண்டாலும், அதைத் தாண்டும் ஆற்றல் கொண்ட துகள்களின் பங்கு 10⁻¹⁶⁰ அளவில் இருக்கும். சூரியனில் உள்ள மொத்தப் புரோட்டான்களே 10⁵⁷ அளவுதான் என்பதால், தடுப்பின் உச்சியை ஏறிக் கடக்கும் புரோட்டான் அங்கே ஒன்றுகூட இல்லை. 1920களில், விண்மீன்கள் அணுக்கரு இணைவால் ஒளிர்கின்றன என்று வாதிட்ட வானியற்பியலாளர் எடிங்டனிடம் எதிராளிகள் சொன்ன மறுப்பும் இதுதான்: விண்மீன்கள் போதிய வெப்பமாக இல்லை. வேறெங்காவது இதைவிட வெப்பமான இடம் இருந்தால் போய்த் தேடிக்கொள்ளுங்கள் என்று அவர் பதில் சொன்னார். 1928-இல் காமோவ், ஆல்ஃபாச் சிதைவை விளக்குவதற்காகக் குவாண்டம் ஊடுருவலைக் கையாண்டார். அடுத்த ஆண்டே அட்கின்சனும் ஹூட்டர்மான்ஸும் அதை விண்மீன்களுக்குப் பொருத்திக் காட்டினார்கள். தடுப்பை ஏற வேண்டியதில்லை, ஊடுருவினால் போதும்.

இப்போது உங்கள் கணக்கு. ஊடுருவலின் நிகழ்தகவு, 22.2-ஐ ஆற்றலின் இருபடிமூலத்தால் வகுத்து, அதை எதிர்க்குறியோடு இயல் அடுக்காக ஏற்றினால் கிடைப்பது. அந்த ஆற்றலில் துகள்கள் எத்தனை இருக்கும் என்பதைச் சொல்லும் போல்ட்ஸ்மன் காரணி, ஆற்றலை 1.35-ஆல் வகுத்து அதேபோல் அடுக்காக ஏற்றியது. இரண்டையும் மூன்று இடங்களில் கைக்கணக்காகப் போட்டுப் பாருங்கள்.

2 கி.எ.வோ.: துகள் காரணி 0.23, ஊடுருவல் 1.5 × 10⁻⁷, பெருக்கல் 3.4 × 10⁻⁸.
6 கி.எ.வோ.: துகள் காரணி 0.012, ஊடுருவல் 1.2 × 10⁻⁴, பெருக்கல் 1.4 × 10⁻⁶.
15 கி.எ.வோ.: துகள் காரணி 1.5 × 10⁻⁵, ஊடுருவல் 3.2 × 10⁻³, பெருக்கல் 4.9 × 10⁻⁸.

நீங்கள் நின்ற இடத்தைவிட 6 கி.எ.வோ.வில் பெருக்கற்பலன் நாற்பது மடங்கு. அங்கே துகள்கள் குறைவு. ஆனால் ஒவ்வொன்றும் ஊடுருவும் வாய்ப்பு ஏறத்தாழ எண்ணூறு மடங்கு. ஒரு பக்கம் சரியும் வளைகோடும் மறுபக்கம் ஏறும் வளைகோடும் சேர்ந்து எழுப்பும் இந்தக் குன்றைத்தான் காமோவ் உச்சி என்கிறோம். புரோட்டான்–புரோட்டான் வினைக்கு அதன் உச்சி 6.1 கி.எ.வோ.வில், அகலம் சுமார் 6.6. சூரியன் தரும் ஒளியில் பெரும்பகுதி, சராசரித் துகள்களின் உழைப்பால் வருவது அன்று. கூட்டத்தின் வால்முனையில் நிற்கும் சிறுபான்மையின் உழைப்பால் வருவது. ஆற்றல் முழுவதற்கும் தொகையிடுங்கள். விடை தானாக நேராகும்.

சுழியம்

தொகையிடும்போது தொகையின் முன்னுள்ள பெருக்கு காரணியில் குறைத்த நிறையைப் பயன்படுத்துங்கள். இரண்டு புரோட்டான்களுக்கு அது புரோட்டான் நிறையில் பாதி. இந்த இடத்தில் தடுக்கி விழாதவர்களை நான் பார்த்ததில்லை.

விண்மீன்மாணவி

பழைய தொலைநோக்கி ஐயாவுக்கு மிக்க நன்றி. அந்த மூன்று வரிகளைத் தாளில் எழுதிப் பார்த்த பிறகுதான், பாடநூலில் பலமுறை பார்த்த படத்தின் பொருள் எனக்குப் பிடிபட்டது.

0.1 முதல் 60 கி.எ.வோ. வரை தொகையிட்டேன். குறுக்குவெட்டையும் வேகத்தையும் பெருக்கியதன் சராசரி 1.6 × 10⁻⁴³ கன சென்டிமீட்டர்/நொடி என்று வருகிறது. புரோட்டானின் சராசரி ஆயுள் 650 கோடி ஆண்டுகள். என் முதல் விடையைவிட ஐம்பது மடங்குக்கு மேல் குறைவு. ஆனால் இரண்டு புதிய ஐயங்கள் எழுகின்றன. ஒன்று, தொகையிடாமல் உச்சியைச் சுற்றி மணிவளைவாக எடுத்துக்கொள்ளும் தோராயச் சூத்திரத்தில் 1.44 × 10⁻⁴³ மட்டுமே வருகிறது. பத்து விழுக்காட்டுக்கு மேலான இந்த இடைவெளி எதனால்? இரண்டு, ஒரு கன சென்டிமீட்டரில் நொடிக்கு 15 கோடி வினைகள் என்று வருகிறது. நண்பர் ஒருவரின் நிரல் அதில் சரிபாதியைத் தருகிறது.

சுழியம்

இரண்டாவது ஐயத்துக்கு உங்கள் நண்பர் சொல்வதே சரி. ஒரே வகைத் துகள்கள் மோதும்போது, அ என்பது ஆ-வோடு மோதியதையும் ஆ என்பது அ-வோடு மோதியதையும் இரண்டு நிகழ்வுகளாக எண்ணிவிடுகிறீர்கள். வீதத்தை இரண்டால் வகுக்க வேண்டும். சரியான விடை 7.5 கோடியை ஒட்டியது. ஆனால் ஆயுள் கணக்கில் இந்த அரை மறைந்துவிடும், ஏனெனில் ஒவ்வொரு வினையும் இரண்டு புரோட்டான்களை விழுங்குகிறது. ஆயுள் சரியாக வந்ததால் வீதமும் சரி என்று நினைத்திருப்பீர்கள். திருமண வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் பட்டியலிலும் பெண் வீட்டார் பட்டியலிலும் ஒரே விருந்தாளியை எழுதிவிட்டு இலை போடுவது போன்றது இது.

பழைய தொலைநோக்கி

முதல் ஐயத்துக்கு நான். இடைவெளியில் ஏறத்தாழ 3 விழுக்காடு, காமோவ் குன்று உண்மையில் சமச்சீரான மணிவளைவு அன்று, வலப்புறம் சற்றே நீண்டது என்பதால் வருவது. எஞ்சிய 8 விழுக்காடு எஸ்-காரணியின் சரிவிலிருந்து வருகிறது. நீங்கள் நிரலில் எஸ்-காரணியை ஆற்றலோடு ஏறும் நேர்கோடாக வைத்திருக்க வேண்டும். தோராயச் சூத்திரத்திலோ சுழி ஆற்றலில் உள்ள மதிப்பை மட்டும் போட்டிருப்பீர்கள்.

தோராயச் சூத்திரத்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதில் ஒரே ஒரு எண் ஆட்சி செய்கிறது: உச்சியின் ஆற்றலை வெப்ப ஆற்றலால் வகுத்து மூன்றால் பெருக்கியது. அதை டௌ என்று குறிப்பது வழக்கம். சூரிய மையத்தில் இந்த வினைக்கு டௌ 13.5. வினை வீதம் வெப்பநிலையின் எத்தனையாவது அடுக்கில் ஏறுகிறது என்று கேட்டால், டௌவிலிருந்து 2-ஐக் கழித்து 3-ஆல் வகுத்தால் போதும்: 3.8. "புரோட்டான் வினை வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் ஏறும்" என்ற வாசகம் இப்படிப் பிறந்ததுதான். அது ஒரு விதி என்று மாணவர்கள் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள்; அது வளைகோட்டுக்கு ஓரிடத்தில் வரைந்த தொடுகோடு மட்டுமே. 1 கோடி கெல்வினில் அந்த அடுக்கு 4.6, 2.5 கோடியில் 3.2.

இதே கணக்கை நைட்ரஜன்-14 புரோட்டானைப் பிடித்து ஆக்சிஜன்-15 ஆகும் வினைக்குப் போட்டுப் பாருங்கள். மின்னூட்டங்களின் பெருக்கற்பலன் 7 என்பதால் உச்சி 27 கி.எ.வோ.வுக்குத் தள்ளிப்போகிறது, டௌ 61 ஆகிறது, அடுக்கு 20-ஐ எட்டுகிறது. இந்த வினை இடம்பெறும் கார்பன்–நைட்ரஜன்–ஆக்சிஜன் சுழற்சி, ஹைட்ரஜனை ஹீலியமாக்கும் இன்னொரு வழி; சூரியனில் அது ஒரு விழுக்காடு ஆற்றலையே தருகிறது. ஆனால் சூரியனைவிடச் சற்றே கனமான விண்மீன்களில் மையம் சில பத்து இலட்சம் கெல்வின் கூடியவுடன் அது முந்திவிடுகிறது. அடுக்கு 20 என்பதால் ஆற்றல் உற்பத்தி மையத்தின் ஒரு சிறு முடிச்சில் குவிகிறது. அந்த வெப்பத்தைக் கதிர்வீச்சால் மட்டும் வெளியேற்ற இயலாமல் மையமே கொதிக்கும் பானைபோலப் புரளத் தொடங்குகிறது. விண்மீனின் உள்ளமைப்பு முழுவதையும் மாற்றிவிடும் வேறுபாடு, ஓர் அடுக்குக்குறியில் ஒளிந்திருக்கிறது. ஐம்பது ஆண்டுகளாக இதைச் சொல்லிக்கொடுத்தும் எனக்கு இது அலுக்கவில்லை.

நிரலோட்டம்

நான் இயற்பியல் படித்தவன் அல்லன், மென்பொருள் துறையில் இருப்பவன். கேள்வி அறியாமையாகத் தோன்றினால் பொறுத்தருளுங்கள். இந்தக் கட்டிடம் முழுவதும் எஸ்-காரணி என்ற ஒன்றின் மேல் நிற்கிறது. அது என்ன? குறுக்குவெட்டிலிருந்து நமக்குத் தெரிந்த அடுக்குக்குறிச் சார்பை வகுத்து நீக்கிய பிறகு மிஞ்சுவதற்கு ஒரு பெயர். அப்படியானால் நமக்குத் தெரியாதது அனைத்தையும் ஒரு பெட்டிக்குள் போட்டுப் பூட்டி, அதன் மேல் 4.01 என்று எழுதி ஒட்டியிருக்கிறோம் என்றல்லவா பொருள்? மேலும், புரோட்டான்–புரோட்டான் வினையின் குறுக்குவெட்டை எந்த ஆய்வகமும் இதுவரை அளந்ததே இல்லை என்று படித்தேன். அளக்காத ஒன்றுக்கு மூன்று இலக்கத் துல்லியம் எப்படி வந்தது?

குறுக்குவெட்டு

நிரலோட்டம் அவர்களே, நீங்கள் கேட்டது அறியாமையால் எழுந்த கேள்வி அன்று. அணுக்கரு வானியற்பியலில் ஆய்வு செய்பவர்கள் நாள்தோறும் தங்களையே கேட்டுக்கொள்ளும் கேள்வி. சோதனைப் பக்கத்தில் பணியாற்றுபவள் என்ற முறையில் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் புரோட்டான்–புரோட்டான் வினை. இரண்டு புரோட்டான்கள் நெருங்கி நிற்கும் கணத்தில் அவற்றுள் ஒன்று நியூட்ரானாக மாற வேண்டும். அது பீட்டாச் சிதைவை நடத்தும் மெல்விசையின் வேலை. ஆகவே இதன் குறுக்குவெட்டு மற்ற வினைகளைவிடப் பல கோடி கோடி மடங்கு சிறியது. எந்த முடுக்கியிலும் அதை எண்ண முடியாது. ஆனால் தேவையான கூறுகள் எல்லாம் தனித்தனியாக அளக்கப்பட்டவை: மெல்விசையின் வலிமை நியூட்ரானின் பீட்டாச் சிதைவிலிருந்தும் டிரிட்டியத்தின் சிதைவிலிருந்தும் தெரியும், டியூட்ரானின் பிணைப்பும் இரு புரோட்டான்களின் சிதறலும் நன்கு அறியப்பட்டவை. இவற்றைக் கோத்துக் கணக்கிட்டால் ஒரு விழுக்காட்டை ஒட்டிய துல்லியம் கிடைக்கிறது. பெட்டி பூட்டியிருப்பது உண்மை. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று அதைச் செய்த தச்சருக்குத் தெரியும். தவிர, 2014-இல் இத்தாலியின் போரெக்சினோ கருவி இந்த வினையிலிருந்தே நேராகப் புறப்படும் நியூட்ரினோக்களை (பொருளோடு அரிதாகவே மோதும் மின்னூட்டமற்ற நுண்துகள்கள்) எண்ணியது: சதுர சென்டிமீட்டருக்கு நொடிக்கு 6.6 × 10¹⁰, பத்து விழுக்காடு ஏறக்குறைய. கணக்கோடு அது ஒத்துப்போகிறது.

உங்கள் ஐயம் உண்மையிலேயே கூர்மையாக வெட்டும் இடம் வேறு. ஆய்வகத்தில் அளக்கக்கூடிய வினைகளில், நாம் அளக்கும் ஆற்றல் ஓரிடம், விண்மீனுக்குத் தேவையான ஆற்றல் வேறிடம். முடுக்கியில் சில நூறு கி.எ.வோ.வில் அளப்போம், சூரியனுக்கு வேண்டியது 20 அல்லது 27. இடையே குறுக்குவெட்டு பல பத்து மடங்குகள் சரிந்துவிடும். அடுக்குக்குறியை வகுத்து நீக்கினால் மிஞ்சும் எஸ்-காரணி சீராக ஓடும், ஆகவே கோட்டை நீட்டிக்கொள்ளலாம் என்பதுதான் நம் முறை. அந்தச் சீரான ஓட்டத்துக்கு உறுதி அளித்தவர் யார்? ஒருவரும் இல்லை.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். டேவிஸ் அமெரிக்காவின் ஹோம்ஸ்டேக் சுரங்கத்தில் 1960களின் இறுதியிலிருந்து சூரிய நியூட்ரினோக்களை எண்ணியபோது, சூரிய மாதிரியைக் கொண்டு பாக்கால் கணித்ததில் மூன்றில் ஒரு பங்குதான் வந்தது. பழி யார் மீது? சூரிய மாதிரி, நியூட்ரினோ, வினை வீதம் என்று மூன்று குற்றவாளிகள் நின்றார்கள். ஹீலியம்-3 அணுக்கருக்கள் இரண்டு இணையும் வினையில், அதுவரை அளக்கப்படாத தாழ்ந்த ஆற்றலில் ஒரு குறுகிய ஒத்ததிர்வு (குறிப்பிட்ட ஓர் ஆற்றலில் மட்டும் குறுக்குவெட்டு திடீரென எகிறுவது) ஒளிந்திருந்தால் பற்றாக்குறை தீர்ந்துவிடும் என்று 1972-இல் ஃபௌலர் எழுதினார்; ஃபெடிசோவும் கோபிசோவும் தனியே அதே கருத்தை முன்வைத்தார்கள். மறுக்க ஒரே வழி, காமோவ் உச்சிக்கே இறங்கி அளப்பது. தரைமட்டத்தில் அது இயலாது. காஸ்மிக் கதிர்களின் இரைச்சலில் குறிகை மூழ்கிவிடும். ஆகவே இத்தாலியின் கிரான் சாசோ மலைக்குள், 1,400 மீட்டர் பாறைக்குக் கீழே, லூனா குழுவினர் 50 கிலோவோல்ட் முடுக்கி ஒன்றை அமைத்தார்கள். 1999-இல் அவர்கள் 16.5 கி.எ.வோ. வரை இறங்கிய முடிவை வெளியிட்டார்கள். அந்த ஆற்றலில் அவர்களுக்குக் கிடைத்தது மாதத்துக்கு இரண்டு நிகழ்வுகள். ஒத்ததிர்வு இல்லை. குற்றம் நியூட்ரினோவின் வகைமாற்றத்தில் இருந்தது என்பதைப் பின்னர் 2001, 2002-இல் கனடாவின் சட்பரி ஆய்வகம் நிறுவியது.

மாதத்துக்கு இரண்டு! கருவியை இயக்கிவிட்டு நாள்கணக்கில் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். அந்தக் குழுவின் பொறுமை மீது எனக்குச் சற்றுப் பொறாமையே உண்டு.

நிரலோட்டம்

அப்படியானால் நீட்டிய கோடு சரியாகவே இருந்திருக்கிறது. தவறிய இடம் ஏதேனும் உண்டா?

குறுக்குவெட்டு

உண்டு, மேலே ஐயா குறிப்பிட்ட நைட்ரஜன்-14 வினையே அது. சுழற்சியில் மிக மெதுவான படி இதுதான். வரிசையில் நிற்கும் அனைவரையும் காக்க வைக்கும் ஒற்றைச் சாளரம்போல, சுழற்சி முழுவதன் வேகத்தையும் இதுவே தீர்மானிக்கிறது. ஆக்சிஜன்-15 அணுக்கருவில் 6.79 மெகா எலக்ட்ரான் வோல்ட்டில் ஒரு நிலை இருக்கிறது. அது வினையின் வாசலுக்கு அரை மெகா எலக்ட்ரான் வோல்ட் கீழே இருப்பதால் நேராக அதைத் தொட முடியாது. ஆனால் அதன் வால் வாசலுக்கு மேலே நீண்டு எஸ்-காரணியைத் தூக்குகிறது. எவ்வளவு தூக்குகிறது என்பதில்தான் பழைய நீட்டல்கள் தவறின. லூனா 2004-இல் தந்த முடிவு, சுழி ஆற்றலில் எஸ்-காரணியைப் பழைய மதிப்பில் ஏறத்தாழப் பாதியாக்கியது, இன்று 1.7 கி.எ.வோ.–பார்ன் அளவில் வைத்திருக்கிறோம்.

அந்த ஒரு எண் மாறியதும், பால்வெளியைச் சுற்றியுள்ள பழைய கோள வடிவ விண்மீன் கொத்துகளின் கணக்கிட்ட வயது 70 முதல் 100 கோடி ஆண்டுகள் வரை கூடியது. சுழற்சி மெதுவாக நடந்தால் விண்மீன் தன் முதன்மைத் தொடரை (மையத்தில் ஹைட்ரஜனை எரிக்கும் பருவத்தை) விட்டுப் பிரியும் புள்ளி இடம்பெயரும். அந்தப் புள்ளியைத்தான் வயதுக் கடிகாரமாகப் பயன்படுத்துகிறோம்.

விண்மீன்மாணவி

எஸ்-காரணி சீராக இல்லாமல், ஒத்ததிர்வே முழுதும் ஆட்சி செய்யும் வினைகளுக்கு என் நிரலை அப்படியே பயன்படுத்தலாமா?

பழைய தொலைநோக்கி

கூடாது. அங்கே காமோவ் குன்றே பொருளற்றுப்போகும். குறுகிய ஒத்ததிர்வு ஒன்று இருந்தால், தொகை முழுவதும் அந்த ஒரே ஆற்றலில் ஊசிபோல் நிற்கிறது. வீதம் வெப்பநிலையின் ஒன்றரை அடுக்கால் வகுபட்டு, ஒத்ததிர்வு ஆற்றலுக்கான போல்ட்ஸ்மன் காரணியால் பெருக்கப்படும். உங்கள் நிரல் ஆற்றலைச் சம இடைவெளியில் அளந்து செல்வதால் ஊசியை இரண்டு புள்ளிகளுக்கிடையே தவறவிட்டு, மிக நம்பிக்கையான தோற்றத்தோடு தவறான விடையைத் தந்துவிடும்.

இதற்குப் பெயர்பெற்ற சான்று மூன்று ஆல்ஃபா (ஹீலியம்-4 அணுக்கரு) இணைந்து கார்பன் ஆகும் வினை. இரண்டு ஹீலியம்-4 சேர்ந்தால் உருவாகும் பெரிலியம்-8 சுமார் 10⁻¹⁶ நொடியில் உடைந்துவிடும். அதற்குள் மூன்றாவது ஹீலியம் வந்து சேர வேண்டும். 1952-இல் சால்பீட்டர் இந்த வழியைக் காட்டினார். ஆனால் அவருடைய வீதம் பிரபஞ்சத்தில் உள்ள கார்பனுக்குப் போதவில்லை. கார்பன்-12 அணுக்கருவில் 7.65 மெகா எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி ஒரு நிலை இருந்தே ஆக வேண்டும் என்று 1953-இல் ஹாயில் கால்டெக்கிற்குச் சென்று வாதிட்டார். ஃபௌலர் முதலில் நம்பவில்லை. வார்டு வேலிங்கின் குழு தேடிப் பார்த்தது, இருந்தது. விண்மீன்களில் கார்பன் இருக்கிறது என்ற வானியல் உண்மையிலிருந்து ஓர் அணுக்கருவின் ஆற்றல் நிலையைக் கணித்தது அதற்கு முன் நடவாத ஒன்று.

அந்த நிலை, மூன்று ஆல்ஃபாக்களின் வாசலுக்கு 379 கி.எ.வோ. மேலே நிற்கிறது. 10 கோடி கெல்வினில் வெப்ப ஆற்றல் 8.6 கி.எ.வோ. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 44. மூன்று துகள் வினைக்கு அதிலிருந்து 3-ஐக் கழிக்க, அடுக்கு 41. வெப்பநிலை இரண்டு விழுக்காடு ஏறினால் வீதம் இரட்டிப்பாகும். செம்பெருவிண்மீன்களின் மையத்தில் ஹீலியம் திடீரெனப் பற்றிக்கொள்வது இதனால்தான்.

இந்த ஃபௌலர்தான் 1983-இல் நம் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சந்திரசேகரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். விண்மீனின் கட்டமைப்பு ஒருவருக்கு, அதற்குள் நடக்கும் அணுக்கரு வினைகள் மற்றவருக்கு.

குறுக்குவெட்டு

கார்பன் உருவான பிறகு அது இன்னொரு ஆல்ஃபாவைப் பிடித்து ஆக்சிஜன்-16 ஆகும் வினை இன்றும் தொல்லை தருவது. விண்மீனுக்குத் தேவையான 300 கி.எ.வோ.வில் குறுக்குவெட்டு 10⁻¹⁷ பார்ன் அளவில் இருக்கிறது. யாரும் அங்கே அளந்ததில்லை. வாசலுக்குச் சற்றே கீழே 6.92, 7.12 மெகா எலக்ட்ரான் வோல்ட்டில் உள்ள இரண்டு நிலைகள் எஸ்-காரணியை இழுக்கின்றன. கனமான விண்மீன் தன் இறுதியில் விட்டுச்செல்லும் கார்பன்–ஆக்சிஜன் விகிதமே இதைப் பொறுத்தது. நிரலோட்டம் அவர்களின் பூட்டிய பெட்டிக்கு மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு இதுதான்.

சுழியம்

எலக்ட்ரான் திரையிடலை ஒருவரும் பேசவில்லையே?

பழைய தொலைநோக்கி

பேசலாம், ஆனால் சுருக்கமாக. சூரிய மையத்தில் ஒவ்வோர் அணுக்கருவையும் சுற்றி எலக்ட்ரான்கள் சற்றே கூடி நிற்பதால் விலக்கு விசை மெலிகிறது. 1954-இல் சால்பீட்டர் தந்த எளிய சூத்திரப்படி, புரோட்டான் வினை இதனால் 5 விழுக்காடு கூடுகிறது. அடுக்கில் மின்னூட்டப் பெருக்கற்பலன் வருவதால் நைட்ரஜன் வினைக்கு அது 30–40 விழுக்காடு. ஆனால் அங்கே மெல்திரைத் தோராயம் தன் எல்லையை நெருங்குகிறது. விண்மீன்மாணவியின் திட்டப்பணிக்குச் சால்பீட்டர் காரணி போதும்.

குறுக்குவெட்டு

ஒரு திருத்தம் மட்டும். ஆய்வகத்திலும் திரையிடல் உண்டு. அது வேறு வகை. இலக்கு அணுவில் கட்டுண்ட எலக்ட்ரான்கள் மிகத் தாழ்ந்த ஆற்றலில் குறுக்குவெட்டைப் பெருக்கிக் காட்டும். முதலில் அதை நீக்கி வெற்று அணுக்கருவின் எஸ்-காரணியைப் பெற வேண்டும். பிறகு விண்மீனின் திரையிடலைச் சேர்க்க வேண்டும். வெளியிடப்பட்ட அளவீட்டுப் புள்ளிகளை நேராக எடுத்து நிரலில் இட்டு, அதன்மேல் சால்பீட்டர் காரணியையும் பெருக்குபவர்கள் ஒரே விளைவை இரண்டு முறை எண்ணுகிறார்கள்.

விண்மீன்மாணவி

வினை வீதங்கள் ஓரளவு கைவசப்பட்டன. இப்போது ஹைட்ரஜன், டியூட்டீரியம், ஹீலியம்-3, ஹீலியம்-4 ஆகியவற்றின் அளவு காலத்தோடு எப்படி மாறுகிறது என்று பார்க்க நான்கு வகையீட்டுச் சமன்பாடுகளைச் சேர்த்து, நான்காம் வரிசை ரங்கே–குட்டா முறையில் தீர்க்க முயன்றேன். ஆயிரம் ஆண்டுகள் ஒரு படி என்று வைத்தேன். இரண்டாவது படியிலேயே டியூட்டீரியம் எதிர்க்குறியாகிறது. மூன்றாவது படியில் எண் வெடித்துவிடுகிறது. படியை ஓர் ஆண்டாகக் குறைத்தும் பயனில்லை.

நிரலோட்டம்

கடைசியில் என் துறைக்குள் வந்துவிட்டீர்கள். உங்கள் சமன்பாடுகளில் மிக வேகமான கால அளவு எது, மிக மெதுவானது எது?

விண்மீன்மாணவி

புரோட்டானின் ஆயுள் 650 கோடி ஆண்டுகள், அதாவது 2 × 10¹⁷ நொடிகள். டியூட்ரான் ஒரு புரோட்டானைப் பிடித்து ஹீலியம்-3 ஆக எடுத்துக்கொள்ளும் நேரம்... ஒன்றரை நொடி.

நிரலோட்டம்

அதுதான் நோய். இதைக் கணிப்பு முறைகளில் விறைப்பான சமன்பாட்டுத் தொகுதி என்பார்கள். வெளிப்படை முறைகள் எதுவானாலும், மிக வேகமான கால அளவைவிடச் சிறிய படியில்தான் நிலையாக நிற்கும். ஒன்றரை நொடிப் படியில் நூறு கோடி ஆண்டுகளைக் கடக்க 10¹⁶ படிகள் வேண்டும்; உங்கள் பேரப்பிள்ளைகள்தாம் விடையைப் பார்ப்பார்கள். உட்படு முறைக்கு மாறுங்கள்: படியின் முடிவில் இருக்கப்போகும் அளவுகளை வைத்தே வீதங்களைக் கணக்கிட்டு, ஒவ்வொரு படியிலும் நியூட்டன் முறையால் அணியைத் தீர்க்க வேண்டும். நான்கு கூறுகளுக்கு அது நான்குக்கு நான்கு அணி. கணினிக்கு ஒரு பொருட்டே அன்று. சைபை நூலகத்தில் உள்ள ராடாவ் அல்லது பி.டி.எஃப். தெரிவு இதை உங்களுக்காகச் செய்யும். சகிப்பு வரம்பை மட்டும் ஒவ்வொரு கூறுக்கும் தனித்தனியாகக் கொடுங்கள்; டியூட்டீரியத்தின் அளவு இயல்பான சகிப்பு வரம்பைவிடப் பல கோடி மடங்கு சிறியது.

பழைய தொலைநோக்கி

அல்லது டியூட்டீரியத்தைச் சமன்பாட்டிலிருந்தே நீக்கிவிடலாம். அது பிறக்கும் வேகமும் இறக்கும் வேகமும் சில நொடிகளில் சமனாகிவிடும். அந்தச் சமநிலை அளவை வைத்துக்கொண்டு மற்ற மூன்றை மட்டும் தீர்த்தால் போதும். கணினிகள் வருவதற்கு முன் நாங்கள் செய்தது இதுதான்.

உங்கள் வீதங்களை ரியாக்லிப் என்ற அணுக்கரு வினை வீதங்களின் தொகுப்போடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் நன்று. அதில் ஒவ்வொரு வீதமும் ஏழு எண்களில் அடக்கப்பட்டிருக்கும். அந்த எண்களை வெறும் பொருத்தல் என்று கடந்துவிடாதீர்கள். வெப்பநிலையின் கனமூலத்தின் தலைகீழை ஒட்டிய எண் மட்டும் பெரிதாக இருந்தால் அங்கே காமோவ் குன்று ஆள்கிறது. வெப்பநிலையின் நேர்த்தலைகீழை ஒட்டிய எண் பெரிதாக இருந்தால் ஒத்ததிர்வு ஆள்கிறது. புரோட்டான்–புரோட்டான் வரியில், காமோவ் கணக்கு தரும் 3.38-ஐ ஒட்டிய ஓர் எண் எதிர்க்குறியோடு நிற்பதைக் காண்பீர்கள். வெப்பநிலையை நூறு கோடி கெல்வின் அலகில் எடுத்து, அதன் கனமூலத்தால் 3.38-ஐ வகுத்தால் நம் பழைய நண்பர் 13.5 வந்து நிற்பார்.

விண்மீன்மாணவி

இரண்டு வழிகளிலும் செய்து பார்த்துவிட்டேன். உட்படு முறையில் 450 கோடி ஆண்டுகளை நிரல் சில நொடிகளுக்குள் கடக்கிறது. டியூட்டீரியத்துக்கும் ஹைட்ரஜனுக்கும் உள்ள விகிதம் 4 × 10⁻¹⁸-இல் நிலைகொள்கிறது. ஐயா சொன்ன சமநிலைக் கணக்கில் கையால் போட்டாலும் அதே விடை. ரியாக்லிப் வரியில் அந்த எண்ணைக் கண்டபோது சிரித்துவிட்டேன்.

ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. என் வீதத்தை வைத்து மையத்தில் ஒரு கன மீட்டருக்கு எத்தனை வாட் ஆற்றல் என்று கணக்கிட்டால் இருநூறை ஒட்டி வருகிறது. மனித உடலே ஒரு கன மீட்டருக்கு ஆயிரம் வாட்டுக்கு மேல் வெப்பம் தருகிறதே. அரையை எங்காவது மீண்டும் விட்டுவிட்டேனா?

சுழியம்

விடவில்லை. இருநூறுதான் சரி. சூரியன் மிகப் பெரியது, அவ்வளவுதான்.